மஞ்சள் கேப்ஸ்யூலை நம்பி மெசாலமினை நிறுத்தலாமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். 26 வயதுத் தங்கைக்கு மூன்று வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலின் உட்சவ்வில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்). மெசாலமின் தினம் 2.4 கிராம் சாப்பிடுகிறார். ரத்தம் நின்றுவிட்டது, ஆனால் அவ்வப்போது மலத்தில் சளி போகிறது. கல்யாணப் பேச்சு தொடங்கியிருப்பதால் "ஆயுசு முழுக்க மாத்திரையா" என்று வீட்டில் பயம். உறவுக்காரர் ஒருவர் மஞ்சள் எக்ஸ்ட்ராக்ட், நிலவேம்பு, சோற்றுக்கற்றாழை, குடசப்பாலை என்று பட்டியல் கொடுத்திருக்கிறார். இதில் எது வேலை செய்யும் என்று கேட்டிருக்கிறீர்கள். உள்ளே இருப்பது இரண்டு கேள்விகள்: மூலிகையை நம்பி மாத்திரையை நிறுத்தலாமா? முடியாதென்றால், மாத்திரையோடு சேர்த்துக்கொள்ளத் தகுந்தது எது, எவ்வளவு?

முதல் கேள்விக்குத் தயக்கமே வேண்டாம், நிறுத்தக் கூடாது. மெசாலமின் ஸ்டீராய்டு அல்ல. பெருங்குடலின் உட்சவ்வில் நேரடியாகப் பட்டு அழற்சியைத் தணிக்கும் மருந்து அது. ரத்தத்தில் கலப்பது அதில் ஒரு பங்குதான். வருடத்துக்கு ஒருமுறையாவது கிரியாட்டினின் பார்த்துச் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொண்டால், பெரும்பாலானவர்கள் பல வருடம் சிக்கலில்லாமல் சாப்பிடுகிறார்கள். கர்ப்ப காலத்திலும் பொதுவாகத் தொடர்கிற மருந்துதான். அந்தச் சமயத்தில் தாய்க்கும் குழந்தைக்கும் அதிகக் கெடுதல் செய்வது கட்டுப்படாத நோய். நோய் அடங்கியிருக்கும்போது மெசாலமினை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களுக்கு அது திரும்பும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல் என்று 2003இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. கல்யாணத்துக்குள் "மாத்திரை இல்லாத பெண்" ஆக்கவேண்டும் என்று இப்போது நிறுத்தினால், முகூர்த்த நேரத்தில் ரத்தப்போக்கை வரவழைத்தது போலத்தான் முடியும்.

இரண்டாவது கேள்விக்குப் போகும் முன், உங்கள் விவரத்தில் கண்ணில் பட்ட ஒன்று. கொலனோஸ்கோபியில் நோய் எதுவரை இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. மலக்குடலிலோ இடப்பக்கப் பெருங்குடலிலோ மட்டும் இருந்தால், வாய்வழி மாத்திரை அங்கே போதுமான அளவு போய்ச் சேராமல் இருக்கலாம். நின்றுபோகாத சளிக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். மலக்குடல் மட்டும் என்றால் இரவில் 1 கிராம் மெசாலமின் சப்போசிட்டரி (மலவாய்க்குள் வைக்கும் குளிகை), இடப்பக்கம் முழுக்க என்றால் 4 கிராம் எனிமா. எனிமா வைத்ததும் அரை மணி நேரமாவது இடதுபுறம் சாய்ந்து படுத்திருக்கவேண்டும். மாத்திரையும் இதுவும் சேரும்போது மாத்திரை மட்டும் சாப்பிடுவதைவிடப் பலன் அதிகம் என்பது நன்றாக நிரூபிக்கப்பட்ட ஒன்று. மாத்திரையின் அளவையும் 4.8 கிராம் வரை ஏற்ற இடமிருக்கிறது. பின்வழி மருந்து என்றாலே நம் வீடுகளில் கூச்சம், அதனால் மருத்துவர் எழுதிக் கொடுத்தும் பெட்டியிலேயே கிடக்கும். எந்த மூலிகையையும்விட முதலில் முயலவேண்டியது இது என்பது என் கருத்து.

இனி மூலிகைகள். ஆய்வுகளில் சோதித்தது உங்கள் அடுக்களையில் இருக்கும் மஞ்சளை அல்ல. அதிலிருந்து பிரித்தெடுத்த கர்குமினை. மஞ்சள்பொடியில் கர்குமின் சராசரியாக 3% அளவுக்குத்தான் இருக்கும். ஒரு தேக்கரண்டி பொடி ஏறத்தாழ 3 கிராம் என்றால் அதில் கிடைப்பது 90 மில்லிகிராம். ஆய்வுகளில் கொடுத்த 2 கிராம் கர்குமினை மஞ்சள்பொடியாகவே சாப்பிட, தினம் 65 கிராமுக்கு மேல் விழுங்கவேண்டும். கஷாயமாகக் காய்ச்சினால் இன்னும் குறையும், ஏனென்றால் கர்குமின் தண்ணீரில் கிட்டத்தட்டக் கரைவதே இல்லை. இரவில் ஒரு தம்ளர் மஞ்சள் பால் குடிப்பதில் தப்பில்லை, குடிக்கட்டும். அதை மருந்துக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கர்குமினுக்குச் சாதகமான சான்றுகளில் முக்கியமானவை இரண்டு. ஜப்பானில் 2006இல் வெளியான ஆய்வில், நோய் அடங்கியிருந்த 89 பேரில் ஒரு பாதிக்கு காலை உணவுக்குப் பின் 1 கிராம், இரவு உணவுக்குப் பின் 1 கிராம் கர்குமினும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் (ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும், மருந்தில்லாத மாத்திரை) கொடுத்தார்கள். எல்லோரும் மெசாலமினோ அதே வகையைச் சேர்ந்த சல்ஃபாசலசினோ வழக்கம்போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதத்தில் நோய் திரும்பியது கர்குமின் பக்கம் 43 பேரில் 2 பேருக்கு, மறுபக்கம் 39 பேரில் 8 பேருக்கு. கர்குமினை நிறுத்தியபின் அடுத்த ஆறு மாதத்தில் கர்குமின் பக்கம் இன்னும் 8 பேருக்குத் திரும்பிவிட்டது. அதாவது சாப்பிடும் வரைதான் பலன், வேரோடு போவதில்லை. "காலம் முழுக்க மாத்திரையா" என்ற பயத்துக்கு இதில் விடை கிடைக்காது என்பதைக் கவனியுங்கள்.

மற்றது இஸ்ரேலைச் சேர்ந்தவர்கள் முன்னின்று நடத்தி 2015இல் வெளியிட்டது. உச்ச அளவு மெசாலமின் கொடுத்தும் அடங்காத, மிதமான நோய் உள்ள 50 பேர். தினம் 3 கிராம் கர்குமின், ஒரு மாதம். அறிகுறிகள் முழுதாக அடங்கியது கர்குமின் பக்கம் 26 பேரில் 14 பேருக்கு, வெற்று மாத்திரை பக்கம் 24 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. பார்க்க அபாரமாக இருக்கிறது. எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு: இந்த நோயின் ஆய்வுகளில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் ஒரு பகுதியினர் தேறுவது வழக்கம். அங்கே சுழியம் என்று வருவது, ஆட்கள் குறைவான ஆய்வில் தற்செயலாகவும் நேரலாம். ஆகவே பலன் உண்மை என்றே நினைக்கிறேன், ஆனால் எண் காட்டும் அளவுக்குப் பெரியது என்று நம்பமாட்டேன்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் 62 பேருக்கு 2.4 கிராம் மெசாலமினோடு (உங்கள் தங்கை சாப்பிடும் அதே அளவு) கர்குமின் 150 மி.கி. தினம் மூன்று வேளை, எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரையிலிருந்து வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அந்த ஆய்வில் பாதியில் விலகியவர்களும் நிறைய, அதனால் கர்குமின் தோற்றது என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் 450 மி.கி. போதாது என்று எடுத்துக்கொள்வதற்கு இது நல்ல காரணம். கடையில் "தினம் ஒன்று" என்று எழுதி விற்கும் கேப்ஸ்யூல்களில் பல இந்த அளவை ஒட்டியே இருக்கும்.

அளவை ஏற்றுவதற்குப் பதிலாக மிளகிலிருக்கும் பைப்பரினைச் சேர்த்து விற்பார்கள். பெங்களூரில் 1998இல் நடந்த ஆய்வில் 2 கிராம் கர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் சேர்த்தபோது ரத்தத்தில் ஏறிய அளவு 20 மடங்கானது. எல்லா விளம்பரத்திலும் வரும் "2000%" அங்கிருந்து வந்ததுதான். உங்கள் தங்கைக்கு இது தேவையா என்று யோசியுங்கள். புண் இருப்பது பெருங்குடலின் உட்புறத்தில். உறிஞ்சப்படாமல் கீழே போகும் கர்குமின்தான் அங்கே போய்ப் படும். ரத்தத்தில் ஏற்றுவதால் குடலுக்கு என்ன லாபம் என்பது நிரூபணமாகவில்லை. இது என் ஊகமும் கலந்த வாதம், ஆனால் மேலே சொன்ன இரண்டு சாதகமான ஆய்வுகளிலும் வெறும் கர்குமினையே கொடுத்தார்கள். மறுபக்கம், உறிஞ்சலைக் கூட்டிய மஞ்சள் தயாரிப்புகளால் கல்லீரல் வீங்கியவர்கள் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவாகியிருக்கிறார்கள். பைப்பரின் பிற மருந்துகளைக் கல்லீரல் சிதைக்கும் வேகத்தையும் குறைக்கும். சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ், டோஃபாசிட்டினிப் என்ற நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளைச் சாப்பிடுகிறவர்கள் பைப்பரின் கலந்ததைத் தொடவே கூடாது.

வாங்கினால் அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். "மஞ்சள் 500 மி.கி." என்றிருந்தால் அது வெறும் பொடி. "மஞ்சள் எக்ஸ்ட்ராக்ட், 95% கர்குமினாய்டு" என்றிருக்கவேண்டும். உறிஞ்சலைக் கூட்டச் சேர்க்கும் பைப்பரின், லிப்போசோம், நானோ என்ற எதுவும் கலக்காததாக இருக்கட்டும். 500 மி.கி. கேப்ஸ்யூல் என்றால் காலையில் இரண்டு, இரவில் இரண்டு, சாப்பாட்டுக்குப் பின். முதல் வாரம் ஒன்றும் ஒன்றுமாகத் தொடங்கலாம், வயிறு உப்புசமும் குமட்டலும் குறையும். காரீயச் சோதனை செய்த தயாரிப்பா என்று கேளுங்கள். நிறம் கூட்ட மஞ்சளில் லெட் குரோமேட் என்ற காரீய நிறமியைக் கலப்பது தெற்காசியாவில் நிரூபணமான மோசடி. பித்தப்பையில் கல் இருந்தாலோ ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டாலோ வேண்டாம். கர்குமின் இரும்பைப் பற்றிக்கொள்ளும் என்பதால், ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் வேறு வேளையில் கொடுங்கள். தொடங்கும் முன் ஒருமுறையும் ஆறு வாரம் கழித்து ஒருமுறையும் கல்லீரல் பரிசோதனை செய்துவிடுங்கள். அசாத்தியோபிரின் என்ற நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தும் சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம், அதுவும் கல்லீரலைத் தொடும் மருந்து.

கர்ப்பத்துக்கு முயலும்போது இந்த அளவு கர்குமினை நிறுத்திவிடவேண்டும். சமையல் மஞ்சளைப் பற்றிய பயம் வேண்டாம்; கிராம் கணக்கில் கொடுத்துக் கர்ப்பிணிகளிடம் சோதித்ததில்லை என்பதே காரணம்.

நிலவேம்பின் கதை வேறு. இந்த நோய்க்கு முறையாகச் சோதிக்கப்பட்ட நம் ஊர் மூலிகைகளில் அது ஒன்று. எச்எம்பிஎல்-004 என்ற பெயரில் அதன் சாரத்தை 224 பேரிடம் எட்டு வாரம் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். தினம் 1800 மி.கி. சாப்பிட்டவர்களில் 60% பேருக்கு நோய் தணிந்தது, 1200 மி.கி.யில் 45%, வெற்று மாத்திரையில் 40%. முழுதாக அடங்கியவர்கள் என்று பார்த்தால் வித்தியாசம் உறுதியாகவில்லை. பத்தில் ஒருவருக்குத் தோலில் தடிப்பு வந்தது. அடுத்த பெரிய கட்ட ஆய்வை, தொடர்ந்தாலும் பலன் தெரியாது என்று கண்டு 2014இல் இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். இணையத்தில் முதல் ஆய்வை மட்டும் காட்டுவார்கள், இரண்டாவது நின்றுபோனதைச் சொல்லமாட்டார்கள். டெங்கு சமயத்தில் கொடுத்த நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்குகள் சேர்ந்தது. ஒருவேளைக்குப் போடும் 5 கிராம் சூரணத்தில் நிலவேம்பு அரை கிராமுக்குச் சற்று மேல். அதை வைத்து இந்த ஆய்வைப் பற்றிப் பேசவே முடியாது. கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ள பெண்ணுக்குத் தொடர்ந்து கொடுப்பதும் சரியல்ல.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கிறேன், தேடினால் சீக்கிரம் கண்ணில் படும். சீனத்தில் "சிங் தாய்" என்று சொல்லும் நீலப்பொடி, நீலச்சாயம் தரும் செடிகளின் இலையை ஊறவைத்துச் சுண்ணாம்பு சேர்த்துக் கலக்கி எடுப்பது. மூலிகைகளில் இந்த நோய்க்கு மிக வலுவாக வேலை செய்வது இதுதான் என்பேன். ஜப்பானில் 86 பேரிடம் எட்டு வாரம் நடந்த ஆய்வில் தினம் 1 கிராம் சாப்பிட்டவர்களில் 75% பேருக்குப் பலன் தெரிந்தது, வெற்று மாத்திரையில் 14% பேருக்குத்தான். ஆனால் அந்த ஆய்வையே பாதியில் நிறுத்தவேண்டி வந்தது: ஆய்வுக்கு வெளியே, தானாக வாங்கிச் சாப்பிட்ட ஒருவருக்கு நுரையீரல் தமனியில் ரத்த அழுத்தம் ஏறியது தெரிந்தது. பின்னர் ஜப்பான் முழுக்கக் கணக்கெடுத்தபோது, இதைச் சாப்பிட்ட 877 பேரில் 11 பேருக்கு அந்தக் கோளாறு. மூச்சிரைப்பில் தொடங்கி இதயத்தைச் செயலிழக்க வைக்கக்கூடிய கோளாறு அது. இதய எக்கோ பார்த்துக்கொண்டே சில மையங்களில் குறுகிய காலத்துக்குக் கொடுக்கிறார்கள், வீட்டில் செய்கிற காரியமல்ல. தலைமுடிக்குப் பூசும் அவுரிப் பொடியிலும் நீலச்சாயம்தானே இருக்கிறது என்று யாராவது கேட்பார்கள். அது காய்ந்த இலைத் தூள், செய்முறையும் வேறு, உள்ளே சாப்பிடும் தரத்தில் தயாரித்ததும் இல்லை. தயவுசெய்து வேண்டாம்.

சோற்றுக்கற்றாழை ஜெல்லை 100 மில்லி வீதம் இருவேளை நான்கு வாரம் கொடுத்து இங்கிலாந்தில் 44 பேரிடம் பார்த்தார்கள்; ஓரளவு தணிந்தது, முழு அடக்கம் உறுதியாகவில்லை. அந்தச் சான்றைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வீட்டில் எடுக்கும் முறையில் வரும் தவறு. மடலை வெட்டியதும் தோலுக்கடியிலிருந்து மஞ்சளாக வடியும் பால் கடும் பேதிமருந்து, காய்ந்தால் அதுதான் கரியபோளம். மடலை அடி வெட்டிச் செங்குத்தாக நிறுத்திப் பால் வடிய விட்டு, தோலைத் தடிமனாகச் சீவி, சோற்றை ஏழெட்டு முறை அலசவேண்டும்; இதையெல்லாம் செய்யாமல் மிக்ஸியில் போட்டால் அந்தப் பாலும் உள்ளே போகும். வயிற்றுப்போக்கு வரும், நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து ஸ்டீராய்டு தொடங்குவார்கள். நிலாவாரை, கடுக்காய் சேர்ந்த சூரணங்களிலும் இதே குழப்பம் நேரும்.

சாம்பிராணி இனத்துச் சல்லகிப் பிசினுக்கு அழற்சியைக் குறைக்கும் தன்மை சோதனைக் குழாயில் இருக்கிறது. இந்தியாவில் 1990களில் 350 மி.கி. மூன்று வேளை கொடுத்து நல்ல பலன் என்று எழுதினார்கள், ஆனால் யாருக்கு எது கொடுக்கிறார்கள் என்பதை மறைத்து ஒப்பிடாத ஆய்வு. ஜெர்மனியில் க்ரோன் நோய் (குடலின் எந்தப் பகுதியிலும் வரக்கூடிய இன்னொரு அழற்சி நோய்) அடங்கியிருந்த 82 பேரிடம் ஒரு வருடம் முறையாகப் பார்த்தபோது வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. காசைச் செலவழிக்கவேண்டாம். மாறாக, எந்தப் பகட்டும் இல்லாத இசப்பகோலுக்கு ஸ்பெயினில் 105 பேரிடம் ஒரு வருடம் நடந்த ஆய்வு இருக்கிறது. விதையை 10 கிராம் வீதம் இருவேளை சாப்பிட்டவர்களில் 40% பேருக்கு நோய் திரும்பியது, 1.5 கிராம் மெசாலமினில் 35%, இரண்டும் சேர்ந்தால் 30%. வித்தியாசம் சிறியது, ஆனால் விலையும் அபாயமும் சிறியவை. ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு, நோய் அடங்கியிருக்கும்போது மட்டும். குடல் சுருங்கியிருக்கும் க்ரோன் நோயாளிக்கு இது அடைப்பை உண்டாக்கும்.

குடசப்பாலை, வில்வக்காய், மாதுளை ஓடு எல்லாம் துவர்ப்பால் போக்கைக் கட்டும் சரக்குகள். சீதபேதிக்கு நம் முன்னோர் கொடுத்ததில் நியாயம் இருந்தது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு நம்பும்படியான ஒப்பீட்டு ஆய்வு கிடையாது. போக்கு கட்டியதும் புண் ஆறிவிட்டது என்று தோன்றும், உள்ளே அழற்சி அப்படியே இருக்கும். நோய் கடுமையாக இருக்கும்போது போக்கைக் கட்டும் அலோபதி மாத்திரைகளால் பெருங்குடல் பலூனாக வீங்கும் ஆபத்து தெரிந்த விஷயம். மூலிகையிலும் அப்படி நேரலாம் என்று அஞ்சுவதே புத்திசாலித்தனம். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது இன்னும் நோய் என்னவென்றே உறுதியாகவில்லை என்றால் கூடுதல் எச்சரிக்கை: நம் நாட்டில் அமீபாப் புண்ணும் குடல் காசநோயும் இதே வேடத்தில் வரும். க்ரோன் என்று முடிவானவர்கள் மேலே சொன்ன கர்குமின் கணக்கைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ளவேண்டாம். பிரான்ஸில் குடல் அறுவைக்குப் பின் அசாத்தியோபிரினோடு தினம் 3 கிராம் கர்குமின் கொடுத்த ஆய்வில் பலன் இல்லை, கடுமையாகத் திரும்பியவர்கள் கர்குமின் பக்கமே அதிகம்.

கர்குமினைச் சேர்ப்பது என்று முடிவெடுத்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே வாரம் எனிமாவும் தொடங்கினால் எது உதவியது என்று தெரியாது. தொடங்கும் முன் மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) பாருங்கள். ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் அழற்சி இல்லை, சளிக்கு வேறு காரணம் தேடவேண்டும், கர்குமினே தேவைப்படாது. 250க்கு மேல் என்றால் உள்ளே நோய் விழித்திருக்கிறது. எட்டு வாரம் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி பாருங்கள். எண் இறங்காமல் "கொஞ்சம் தெம்பாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் கேப்ஸ்யூலை நிறுத்திவிட்டு, அடுத்த கட்ட மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீர் கருத்தாலோ கண் மஞ்சளித்தாலோ உடம்பு அரித்தாலோ அன்றே நிறுத்தவேண்டும். ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ நாடி 90க்கு மேல் ஓடினாலோ வீட்டில் எதையும் மாற்றிப் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள். அங்கே கேட்கும்போது சாப்பிட்ட மூலிகைகளை மறைக்காமல், டப்பாவையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.